வால்பாறை போகிறோம், வாந்தி மாத்திரை யாருக்கெல்லாம் கொடுக்கலாம்?

கோவைக்காரி:
வருகிற சனிக்கிழமை குடும்பத்தோடு வால்பாறை போகிறோம், வண்டி ஓட்டுவது என் கணவர். ஆழியார் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவு, அதில் பாதி ஏறுவதற்குள் எனக்கும் பையனுக்கும் குமட்ட ஆரம்பித்துவிடும். பையனுக்கு 7 வயது, இப்போது சளிக்கு சிரப் குடித்துக்கொண்டிருக்கிறான். மாமனாரும் வருகிறார், எழுபது தாண்டியவர், புராஸ்டேட் வீக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மெடிக்கலில் அவோமின் ஒரு அட்டை கொடுத்து, "கிளம்பும்போது எல்லாரும் ஒண்ணு போடுங்க, சின்னவனுக்குப் பாதி" என்றார்கள். எல்லாருக்கும் ஒரே மாத்திரை சரிதானா? கணவருக்கும் லேசாகத் தலைசுற்றும், அவரும் போட்டுக்கொள்ளலாமா? போன தடவை வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்துப் பார்த்தோம், நிற்கவேயில்லை.

பார்மசி அண்ணா:
முதலில் உங்கள் கணவர். அவர் போடவே கூடாது. அவோமினில் இருப்பது புரோமெத்தசின், நன்றாகத் தூக்கம் வரவைக்கிற பழைய வகை அலர்ஜி மருந்து. தூக்கம் வராத மாதிரி தோன்றினாலும் கையும் கண்ணும் மந்தமாகிவிடும், ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பள்ளமுமாக இருக்கிற ரோட்டில் அது வேண்டாம். ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு வளைவு எப்போது வரும் என்று முன்பே தெரிவதால் பெரும்பாலும் குமட்டாது. அப்படியும் தலைசுற்றினால் நிறுத்தி இறங்கி நிற்கட்டும், இல்லை வேறு ஒருவர் ஓட்டட்டும்.

மாமனாருக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள் அக்கா. இந்த வகை மருந்து சிறுநீர்ப்பையைச் சுருங்கவிடாமல் செய்யும், ஏற்கெனவே புராஸ்டேட் வீங்கியிருப்பவருக்குச் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளலாம், மலை மேல் வைத்து அப்படி ஆனால் டியூப் போட ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். வயதானவர்களுக்குக் குழப்பம், தள்ளாட்டம், ராத்திரி எழுந்து விழுவது எல்லாம் இதில் வரும். கண்ணில் குளுக்கோமா, அதாவது கண் அழுத்த நோய், இருந்தாலும் இதே எச்சரிக்கைதான்.

பையன் குடிக்கிற சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். குளோர்பெனிரமைன் அல்லது டைபென்ஹைட்ரமைன் என்று இருந்தால் அதுவும் இதே இனம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளை அளவுக்கு மீறித் துவண்டுபோகும். சிரப்பை நிறுத்துவதா, மாத்திரையைத் தவிர்ப்பதா என்பதைப் பிள்ளை டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மற்றபடி 25 மில்லிகிராம் அவோமினில் 5 முதல் 9 வயதுக்குப் பாதிதான் அளவு, 10 வயதுக்கு மேல் ஒன்று, அதனால் கடையில் சொன்ன பாதி என்பது தப்பில்லை. 2 வயதுக்குக் கீழே மட்டும் எந்தக் காரணத்துக்கும் கொடுக்கக் கூடாது, மூச்சே அடங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

அப்புறம் நேரம். கிளம்பும்போது போடுவது தாமதம். மலை ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். குமட்டல் தொடங்கினாலே வயிறு வேலையை நிறுத்திவிடும், மாத்திரை குடலுக்கே போகாது, போன தடவை நிற்காததற்கு அதுதான் காரணம்.

ஊர்சுற்றி:
எங்கள் வீட்டில் தும்மலுக்கு வாங்கிய சிட்ரிசின் இருக்கிறது. அதுவும் அலர்ஜி மாத்திரைதானே, அதையே போடலாமா? எமிசெட் போட்டால் கேட்கும் என்றும் ஒருவர் சொன்னார்.

பார்மசி அண்ணா:
இரண்டும் இதற்கு உதவாது. வண்டி ஆடுவதைக் காது ஒரு மாதிரியும் கண் ஒரு மாதிரியும் மூளைக்குச் சொல்வதால் வருகிற குமட்டல் இது, அதனால் மருந்து மூளைக்குள் போய் வேலை செய்ய வேண்டும். சிட்ரிசின் மாதிரி புது வகைகள் தூக்கம் அதிகம் வரக்கூடாது என்று மூளைக்குள் அவ்வளவாகப் போகாதபடி செய்தவை. எமிசெட் என்கிற ஆன்டான்செட்ரான் வயிற்றுப்போக்கு வாந்திக்கும் கீமோதெரபி வாந்திக்கும் நல்ல மருந்து, பிரயாண வாந்திக்கு எடுபடுவதில்லை.

தேயிலைத்தோட்டம்:
நான் வால்பாறைதான், இந்த ரோட்டில் ஏறி இறங்கியே வளர்ந்தேன். மாமனாரை முன் சீட்டில் உட்கார வையுங்கள், மாத்திரை இல்லாமல் அவருக்கு அதுதான் பாதுகாப்பு. பையன் பின்னால் நடுவில், தூரத்து ரோடு தெரிகிற உயரத்தில் உட்காரட்டும். கையில் போன் கொடுக்கவே கொடுக்காதீர்கள், பாதி வாந்தி அதனால்தான். வெறும் வயிறும் வேண்டாம், பூரி வடையும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். 9-ஆவது வளைவில் லோம்ஸ் வியூ என்கிற காட்சிமுனையில் எப்படியும் வண்டியை நிறுத்துவீர்கள், அங்கே காற்று வாங்கிவிட்டு ஏறுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, கணவரிடம் வளைவில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். மாத்திரையை விட இது பெரிய விஷயம் என்பது என் அனுபவம்.

கோவைக்காரி:
ரொம்ப நன்றி. சிரப்பில் குளோர்பெனிரமைன் இருக்கிறது! டாக்டரிடம் கேட்டேன், சளி கிட்டத்தட்ட சரியாகிவிட்டது, வெள்ளிக்கிழமையிலிருந்து சிரப்பை நிறுத்திவிட்டு சனி காலை பாதி மாத்திரை கொடுங்கள் என்றார். மாமனாருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஞாயிறு மதியம் இறங்கும்போது திரும்பப் போடலாமா?

பார்மசி அண்ணா:
போடலாம், ஒரு நாள் இடைவெளி இருக்கிறது. நீங்கள் ஒன்று, பையனுக்குப் பாதி, கிளம்ப ஒன்றரை மணி நேரம் முன்பு. ஒரே நாளில் இரண்டாவது முறை மட்டும் வேண்டாம். வாய் உலரும், தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சில பிள்ளைகளுக்கு இது தூக்கத்துக்குப் பதிலாகத் துறுதுறுப்பைக் கொடுக்கும், சனிக்கிழமை அப்படி ஆனால் ஞாயிறு கொடுக்காதீர்கள். எழுப்பினால் எழாத அளவுக்குத் தூங்கினாலோ மூச்சு ஒழுங்கில்லாமல் இருந்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள்.