கழுவாத தென்னை நார்த்தூளில் நாற்று கருகிவிட்டது. மாடித்தோட்டத்துக்கு நார்த்தூள் கலவை செய்து விற்கும் எண்ணம் சரிவருமா?

உடுமலை நாற்றுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். உடுமலைப் பக்கம் ஒன்பது வருடமாகக் குழித்தட்டு நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். தக்காளி, மிளகாய், கத்தரி, பருவத்துக்குக் கொஞ்சம் காலிஃபிளவர். பெரும்பாலும் 98 குழித் தட்டுதான். ஒரு தட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் நார்த்தூள் பிடிக்கும், விதைக்கு அடுத்த பெரிய செலவு அதுதான். இந்தக் கோடையில் விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று ஒரு மில்லிலிருந்து உதிரியாக ஒரு வண்டித் தூள் இறக்கினேன். பார்க்க நல்ல பழுப்பாக, பொலபொலவென்று இருந்தது. முளைப்பில் குறை இல்லை. இரண்டாவது வாரம் இலை ஓரம் கருக ஆரம்பித்தது, அடி இலை மஞ்சளாகிவிட்டது, வேர் தட்டின் பாதிக்கு மேல் இறங்கவே இல்லை. 200 தட்டு போய்விட்டது. முன்பணம் கொடுத்த விவசாயிகளுக்குத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் அவர்களுக்கு நடவுப் பருவம் பத்து நாள் தள்ளிப்போனதை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது கேள்வி. நானே தூளைக் கழுவிப் பக்குவம் செய்து, மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு சேர்த்து, கோவை, திருப்பூர் மாடித்தோட்டக்காரர்களுக்குக் கலவையாக விற்கலாம் என்று பார்க்கிறேன். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று பையில் போடவும் ஆசை. ஆனால் எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே தூள் குவித்த இடத்துக்குப் பக்கத்துக் கிணறு டீ நிறத்தில் ஊறுவதைப் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்தபிறகு அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. கழுவுகிற தண்ணீரை என்ன செய்கிறீர்கள்? பிளாஸ்டிக் பைக்கும் சட்டிக்கும் பதிலாக ஏதாவது நடைமுறையில் நிற்கிறதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சிமில் வீட்டுக்காரன்:
அண்ணா, எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக மஞ்சி மில், தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும் ஆலை. ஆனைமலைப் பக்கம். உங்கள் கிணற்றுக் கவலை சரியான கவலை, அதை விட்டுவிடாதீர்கள். என் சின்ன வயதில் தூள் என்பது மில்லுக்குப் பின்னால் மலை மாதிரி கிடக்கும் குப்பை. மட்டையில் நார் மூன்றில் ஒரு பங்குகூட வராது, மிச்சமெல்லாம் தூள்தான். எடுத்துப் போக ஆள் இல்லாமல் தீ வைத்ததெல்லாம் உண்டு. அப்புறம் வெளிநாட்டுக்காரன் செடி வளர்க்க வாங்க ஆரம்பித்ததும் அதே குப்பைக்கு விலை வந்தது, விலை வந்ததும் கழுவல் வந்தது, கழுவலோடு கழிவுநீரும் வந்தது. 2021இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கயிறு, நார்த் தொழிற்சாலைகளை மாசு இல்லாத வெள்ளை வகையிலிருந்து மாசு உள்ள ஆரஞ்சு வகைக்கு மாற்றியபோது எங்கள் ஊரில் பெரிய எதிர்ப்பு. எனக்கும் அப்போது கோபம்தான். இன்று யோசித்தால் கிணறு வைத்திருக்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

நாங்கள் இப்போது செய்வதைச் சொல்கிறேன். மண் தரையில் கழுவவே கூடாது. சிமெண்டுக் களம், ஓரத்தில் வாய்க்கால், அது போய் விழ உள்ளே தார்ப்பாய் விரித்த தொட்டி. மூன்று முறை கழுவுகிறோம், ஆனால் மூன்று முறையும் நல்ல தண்ணீர் இல்லை. நேற்றைய தூளின் இரண்டாம் கழுவல் தண்ணீரில் இன்றைய தூளுக்கு முதல் கழுவல், நேற்றைய மூன்றாம் கழுவல் தண்ணீரில் இன்றைக்கு இரண்டாவது, கடைசிக் கழுவலுக்கு மட்டும் புதுத் தண்ணீர். மூன்று பங்கு செலவான இடத்தில் ஒரு பங்குதான் ஆகிறது. முதல் கழுவலில் வருவது டீ டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும், அதை மில்லுக்கு வரும் மட்டையை நனைக்கப் பயன்படுத்துகிறோம். ஆனால் நாலைந்து சுற்றுக்கு மேல் அதில் உப்பு ஏறிவிடும், அதற்கப்புறம் ஆழமில்லாத தொட்டியில் விட்டு வெயிலில் ஆவியாக்குவதுதான். அதற்கு இடம் வேண்டும், வெயில் வேண்டும், மழைக்காலத்தில் மூடி வைக்கவும் வேண்டும். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் விலை போட்டால் ஒரு வருடத்தில் தொட்டியை மறந்துவிடத் தோன்றும்.

இன்னொன்று, உங்களிடம் மில் இல்லை, நனைக்க மட்டையும் இல்லை. அப்படியானால் நீங்கள் கழுவாமல், கழுவி எடுத்ததையே வாங்குவது நல்லது என்பேன். வாங்கும்போது தண்ணீர் எங்கே போகிறது என்று களத்துக்கே போய்ப் பாருங்கள். காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

வேளாண் பட்டதாரி, தாராபுரம்:
நண்பரே, உங்கள் நாற்றில் இரண்டு நோய் ஒன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஓரம் கருகியது உப்பு. அடி இலையிலிருந்து மஞ்சளானது தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை. இரண்டுக்கும் மருந்து வேறுவேறு.

முதலில் உப்பு. நன்றாகக் கழுவிய தூளின் இ.சி., அதாவது கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன், 0.5 மில்லிசீமென்ஸ்/செ.மீ.க்குக் கீழே இருக்க வேண்டும், நாற்றுக்கு அது முக்கியம். கழுவாத தூளில் இது பல மடங்கு இருக்கும். விற்பவர் சொல்லும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள், பொய் சொல்கிறார் என்பதற்காக இல்லை, எந்த விகிதத்தில் கரைத்து அளந்தார் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஒரு பங்கு தூளுக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் என்பது நெதர்லாந்து முறை, இங்கே பலர் ஐந்து, ஆறு பங்கு ஊற்றி அளக்கிறார்கள். தண்ணீர் அதிகமாக ஊற்றினால் எண் தானாகக் குறையும். காய்ச்சி வடித்த தண்ணீரில் அளக்க வேண்டும். அதற்கும் முன்னால் உங்கள் போர்த் தண்ணீரின் இ.சி.யை அளந்து பாருங்கள். அதுவே ஒன்றுக்கு மேல் இருந்தால் எத்தனை முறை கழுவினாலும் தூளை 0.5க்குக் கொண்டுவருவது கஷ்டம். மழைநீர் நல்ல வழி.

அப்புறம், தண்ணீரில் கழுவினால் மேலாக இருக்கும் உப்புதான் போகும். தூளின் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் அப்படியே இருக்கும். பிறகு நீங்கள் உரம் ஊற்றும்போது தூள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இவற்றை வெளியே விடும். செடிக்குக் கால்சியம் கிடைக்காது. அதனால்தான் ஏற்றுமதித் தூளைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து மறுபடி கழுவுகிறார்கள். அந்தக் கழிவுநீரில் நைட்ரேட்டும் சேர்ந்திருக்கும், கிணற்றுக்கு அது இன்னும் கெடுதல் என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாவது, தழைச்சத்து. மட்காத தூளில் கரிமத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 100க்கு மேல். எளிதில் மட்காத லிக்னின் மட்டுமே மூன்றில் ஒரு பங்கு. அதை மட்கவைக்க வரும் நுண்ணுயிர் உங்கள் நாற்றின் தழைச்சத்தைத்தான் எடுத்துச் சாப்பிடும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் பல வருடமாகச் சொல்லும் முறை எளிது: ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்து, 100 கிலோ 100 கிலோவாக அடுக்கி ஓர் அடுக்குக்கு வித்து, அடுத்த அடுக்குக்கு யூரியா. நிழலில், ஈரம் காயாமல் வைத்தால் இரண்டு மாதத்தில் கறுத்துவிடும், விகிதம் 24க்கு வந்துவிடும். கயிறு வாரியத்தின் ‘பித்பிளஸ்’ என்ற மட்கவைக்கும் வித்தும் இதே காளானை வைத்துச் செய்ததுதான். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்திலும் ‘அர்கா’ பெயரில் நொதிக்கவைத்த நார்த்தூள் முறை இருக்கிறது, நாற்றுக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை, மட்கினால் உப்பு போகாது. அளவு சுருங்கும், உப்பு அங்கேயே இருக்கும். அதனால் கழுவிவிட்டு மட்கவையுங்கள்.

மேடவாக்கம் மாடித்தோட்டம்:
வாங்குகிற ஆள் பேசுகிறேன் தம்பி. ஐந்து வருடமாக மொட்டை மாடியில் நாற்பது பை வைத்திருக்கிறேன். நாங்கள் நார்த்தூளைத் தேடுவது எடை குறைவு என்பதற்காகத்தான், மாடித் தளம் செம்மண்ணைத் தாங்காது. ஆனால் அழுத்திய தூள் கட்டி ஒன்று வாங்கினால் செடி வரும், அதே கடையில் அடுத்த கட்டி வாங்கினால் கருகும். பையில் ‘இயற்கை’, ‘பசுமை’ என்று எழுதியிருக்கும், எத்தனை முறை கழுவியது, இ.சி. எவ்வளவு, எந்த மாதம் தயாரித்தது, ஒன்றும் இருக்காது. நீங்கள் அந்த மூன்றையும் பையில் அடித்தாலே நான் பத்து ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவேன். என்னை மாதிரி நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சட்டி விஷயம். நாரும் ரப்பர் பாலும் சேர்த்துச் செய்கிற சட்டியை இரண்டு வருடம் பயன்படுத்தினேன். பக்கவாட்டில் வேர் சுருளாமல் காற்றுப்பட்டு நிற்கும், அப்படியே நட்டுவிடலாம், நல்ல பொருள். ஆனால் சென்னை மே மாத வெயிலில் காலையில் ஊற்றினால் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற முடியாதவர்களுக்கு அது தண்ணீரைக் குடிக்கும் சட்டி. நிழல்வலைக்குள் நாற்றுப் பருவத்துக்கு மட்டும் என்றால் சரி. நாற்று வாங்கும்போது மெல்லிய கறுப்புப் பையில் தருகிறார்கள் பாருங்கள், அதைக் கிழித்துக் கிழித்தே மண்ணில் பாதி பிளாஸ்டிக் சேர்ந்துவிடுகிறது. அதற்கு நார்ச் சட்டி நல்ல மாற்று. கலவையை அடைக்க மட்டும் பழைய அரிசிச் சாக்கைத் துவைத்துப் பயன்படுத்துங்கள், திருப்பிக் கொடுத்தால் காசு கழித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் பால் பாட்டில் அப்படித்தான் ஓடியது ஒரு காலத்தில்.

கென்ட் தமிழன்:
இங்கிலாந்தில் ஒரு பூச்செடி நர்சரியில் வேலை செய்கிறேன். உங்கள் ஊர்த் தூள் இங்கே எங்கள் மேசையில் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். இங்கே ஒரு காலத்தில் எல்லாமே பீட், அதாவது சதுப்பு நிலத்திலிருந்து வெட்டி எடுக்கும் மட்கு. அது வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், ஒரு சட்டி ஆழத்துக்கு இருப்பது நூறு வருடத்துக்கு மேலான சேமிப்பு. உலக நிலப்பரப்பில் 3 சதவீதம்தான் பீட் நிலம், மண்ணில் இருக்கும் கரிமத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்குள் இருக்கிறது. வெட்டினால் அது காற்றுக்குப் போகிறது. 2020க்குள் வீட்டுத் தோட்டக்காரர்கள் தாங்களாகவே விட்டுவிட வேண்டும் என்று 2011இல் இலக்கு வைத்தார்கள், நடக்கவில்லை. 2022இல், 2024க்குள் கடை விற்பனைக்குத் தடை என்று அறிவித்தார்கள், சட்டம் அந்தக் கெடுவுக்குள் வரவில்லை. ஆனாலும் நர்சரிகள் மாறிக்கொண்டிருக்கின்றன, நார்த்தூள், மரநார், மரப்பட்டை, மட்கு எல்லாம் கலந்து.

இங்கே கலவைகளுக்குப் பொறுப்பான மூலப்பொருள் என்று மதிப்பெண் போடும் ஒரு திட்டம் இருக்கிறது. ஆற்றல், தண்ணீர், மாசு, தொழிலாளர் நிலை, வாழிடம் முதலான ஏழு அளவுகோல். நார்த்தூள் புதுப்பிக்கக்கூடியது என்பதில் நன்றாக மதிப்பெண் வாங்கும், கேள்வி கேட்கும் இடம் தண்ணீர்தான். மஞ்சிமில் அண்ணன் சொன்ன அந்தத் தொட்டி, அந்த மூன்று சுற்று, அதுதான் உண்மையான புதுமை. எங்கள் முதலாளிக்கு அதை ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டினால் பையின் வடிவமைப்பைவிட அதைத்தான் படிப்பார். என் ஊர்க் கிணறு கெட்டு இங்கே ஒரு பெட்டூனியா பூக்கிறது என்றால் அந்தப் பூவைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

உடுமலை நாற்றுக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்றே இ.சி. மீட்டர் ஒன்று வாங்கினேன். மிச்சம் இருந்த பழைய தூளை ஒன்றுக்கு ஒன்றரையில் கரைத்து அளந்தேன், 3.4. போர்த் தண்ணீர் 1.6. தாராபுரம் நண்பர் சொன்னது சரி, நான் கழுவியிருந்தாலும் பிழைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அதனால் கழுவும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆனைமலைப் பக்கம் மூன்று களத்தைப் போய்ப் பார்க்கிறேன், தொட்டி இருக்கும் இடத்தில் கழுவிய தூள் வாங்கி, இங்கே காளான் போட்டு மட்கவைக்கும் வேலையை மட்டும் செய்யப் போகிறேன். நிழல்வலைக் கொட்டகையின் கூரைத் தகரத்திலிருந்து மழைநீர் பிடிக்க ஒரு தொட்டியும் கட்டுகிறேன், நாற்றுக்கு ஊற்ற. முதலில் அரை டன் மட்டும். ஐம்பது தட்டில் தக்காளி போட்டு, பக்கத்தில் வழக்கமான தூளில் ஐம்பது. நாற்று நன்றாக வந்தால்தான் பை அடிப்பேன், பையில் இ.சி., கழுவிய களத்தின் ஊர், மாதம் மூன்றும் இருக்கும். ‘உகந்தது’ என்ற வார்த்தை இப்போதைக்கு வேண்டாம்.

மேடவாக்கம் அக்கா, முதல் இரண்டு சாக்கு உங்களுக்கு அனுப்புகிறேன், காசு வேண்டாம், ஆனால் என்ன வளர்ந்தது, எது கருகியது என்று இங்கேயே எழுத வேண்டும். மஞ்சிமில் அண்ணா, ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது: ஆவியாக்கிய தொட்டியின் அடியில் தங்கும் உப்புச் சேற்றை என்ன செய்கிறீர்கள்?

மஞ்சிமில் வீட்டுக்காரன்:
நல்ல கேள்வி அண்ணா. அதில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது, தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் மரம், அதனால் எங்கள் தோப்பில் பத்து மரத்துக்கு மட்டும் கொஞ்சமாகப் போட்டு, மண்ணின் உப்பை வருடம் இருமுறை அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். மீதி பீப்பாயில் மூடி நிற்கிறது. தோப்பு முழுக்கப் போடத் துணிச்சல் இன்னும் வரவில்லை. அடுத்த மழைக்கு அப்புறம் அளந்த எண்களை இங்கேயே போடுகிறேன்.