கஞ்சாச் செடிக்கு சிலிக்கா விடுவதில் உண்மையாகவே பயன் இருக்கிறதா?

பின்வளவு (ஸ்காபரோ)

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருடமாக வீட்டுப் பின்வளவில், இங்கே கனடாவில் சட்டம் விடுகிற நாலு கஞ்சாச் செடியை வைத்து வருகிறேன். விதை அனுமதி பெற்ற கடையில் வாங்கியது, 40 லீற்றர் துணிச்சாடி, கடையில் கிடைக்கிற பீட் (மக்கின சதுப்புநிலப் பாசி) கலவை.

போன வருடம் ஆவணி வரைக்கும் செடிகள் ஆளுயரத்துக்கு நல்ல வடிவாக வந்தன. புரட்டாதிக் கடைசியில் ஓர் இரவு முழுக்கக் காற்றும் மழையும். விடியப் போய்ப் பார்த்தால் ஒரு செடியில் நடுத்தண்டிலிருந்து கொப்பு பிரிகிற இடம் அப்படியே கிழிந்து, தோலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, பூவெல்லாம் தண்ணியை உறிஞ்சிப் பாரமாகிவிட்டது போல. அடுத்த செடியில் கை மொத்தப் பூ ஒன்றில் ஒரேயொரு சின்ன இலை மட்டும் மஞ்சளாக வாடியிருந்தது, பிடித்து இழுத்தேன், ஒட்டாமல் கையோடு வந்துவிட்டது. பூவைப் பிரித்தால் உள்ளே மண்ணிறமாகிச் சாம்பல் தூள். அந்தச் செடியில் பாதியை வெட்டி எறிந்தேன், வைகாசியில் இருந்து பார்த்துப் பார்த்து வளர்த்ததை அப்படிக் குப்பைப் பையில் போடுவது என்ன கவலை என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

ஹைட்ரோபோனிக்ஸ் (மண்ணில்லாமல் செடி வளர்க்கிற சாமான்) கடை ஒன்றில் சொன்னதும், சிலிக்கா (மணலில் இருக்கிற அதே பொருள், கரைசலாக) விடு, தண்டு இறுகும், பூஞ்சணமும் வராது என்றார்கள். போத்தலை வாங்கி வந்து, கல்சியம்-மக்னீசியம் கலந்து வைத்திருந்த வாளியில் விட்டேன், தண்ணி பால் மாதிரி வெளுத்து அடியில் படிந்துவிட்டது. அதை ஊற்றவில்லை. இந்த வருடம் தொடங்க முதல் கேட்கிறேன்: இது காசுக்குப் பெறுமதியா, எப்படிக் கலப்பது?

டெல்டாக்காரன் (கிச்சனர்)

அண்ணா, நான் தஞ்சாவூர்ப் பக்கம், நெல்லோடு வளர்ந்தவன், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன். நெல் வயலில் இறங்கி நடந்தால் காலில் மெல்லிய கீறல் விழுமே, அது இலை விளிம்பில் இருக்கிற சிலிக்கா. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். நெல் சாயாமல் நிற்பதற்கும் குலைநோயைத் தாங்குவதற்கும் அது உதவுகிறது, ஜப்பானில் 1950களிலிருந்தே வயலுக்கு சிலிக்கேட் உரம் போடுகிறார்கள். நெல்வேர் இதை எந்த மரபணுவின் துணையோடு இழுக்கிறது என்று 2006இல் கண்டுபிடித்ததும் ஜப்பானில்தான்.

ஆனால் எல்லாச் செடியும் நெல் இல்லை. தக்காளி கிட்டத்தட்ட எடுப்பதே இல்லை, வெள்ளரி, பூசணி நடுத்தரம். கஞ்சா எடுக்கும், நெல் அளவுக்கு எடுக்காது. வெள்ளரியில் இது வேலை செய்வதை நம் கனடாவிலேயே நன்றாகக் காட்டியிருக்கிறார்கள், கியூபெக்கில் லாவால் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பெலாஞ்சே குழு பல வருடம் இதில்தான் உழைத்தது. அது இலைமேல் மாவு தூவியதுபோல் வருமே, அந்த வெள்ளைப் பூஞ்சணத்துக்கு. உங்கள் பூவுக்குள் வந்தது வேறு, போட்ரைட்டிஸ் என்கிற, பூவை அழுக வைக்கிற பூஞ்சணம். கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று, சிலிக்கா தண்ணீரோடு ஏறி, தண்ணீர் ஆவியாகிற இடத்தில், அதாவது இலையின் தோலுக்கடியில் கண்ணாடி மாதிரி படிகிறது. படிந்ததைச் செடி திரும்ப எடுத்துப் புது இலைக்கு அனுப்ப முடியாது. அதனால் நாற்றிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வர வேண்டும், பூ வந்த பிறகு ஒரு பாட்டிலைக் கவிழ்ப்பதில் பயன் இல்லை. நிலத்து மண்ணில் நட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன், மண்ணில் ஏற்கனவே நிறைய இருக்கிறது. உங்களுடையது பீட், அதில் மிகக் குறைவு, அதனால் உங்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

நாற்றுமேடை (மார்க்கம்)

தம்பி, வாளி வெளுத்ததற்குக் காரணம் வரிசை மாறினது. பொட்டாசியம் சிலிக்கேற் கடும் காரம், போத்தலில் பீஎச் (அமில-கார அளவு) 11க்கு மேல் இருக்கும். கல்சியம் இருக்கிற தண்ணியில் விட்டால் கல்சியம் சிலிக்கேற்றாகிக் கீழே படிந்துவிடும், பிறகு செடிக்குச் சிலிக்காவும் இல்லை, கல்சியமும் இல்லை.

நான் செய்வது இப்படி. வெறும் தண்ணி முழு அளவையும் முதலில் வாளியில் எடுப்பேன். அதில் சிலிக்காவை மெல்ல விட்டுக் கலக்கி ஒரு பதினைந்து நிமிடம் விடுவேன். அப்புறம் பீஎச்சை 6 அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவேன், அதற்குப் பிறகுதான் கல்சியம்-மக்னீசியம், கடைசியாகப் பசளை, திரும்ப ஒருக்கால் பீஎச் பார்ப்பேன். அமிலத்தை ஒருநாளும் சிலிக்காப் போத்தல் திரவத்தோடு நேராகக் கலக்க வேண்டாம், கண்முன்னே களியாக இறுகிவிடும்.

அளவு: போத்தலில் சிலிக்கா 7.8 சதவீதம் என்று போட்டிருந்தால், லீற்றருக்கு 1 மில்லி விட ஏறத்தாழ 80 பிபிஎம் (பத்து லட்சத்தில் 80 பங்கு) வரும், அது காணும். வெள்ளரிக்கே 100தான் வழக்கம். அதற்கு மேலே போனால் சிலிக்கா தனக்குள்ளேயே சங்கிலியாகக் கோர்த்துக்கொண்டுவிடும், வேர் எடுக்காது. கலந்ததை அன்றைக்கே ஊற்றுங்கள். கூடவே பொட்டாசியமும் போகிறது என்பதை நினைவில் வைத்துப் பசளையைப் பாருங்கள்.

பின்வளவு (ஸ்காபரோ)

அக்கா, டெல்டாக்காரன் தம்பி, மிச்சம் நன்றி. இலையில் தெளிக்கலாமா? அப்புறம் எங்கள் பக்கம் ஓடைக்கரையில் குதிரைவால் செடி ஏராளம், அதில் சிலிக்கா கூட என்கிறார்களே, அதை ஊற வைத்து விடலாமா?

நாற்றுமேடை (மார்க்கம்)

பூ வருவதற்கு முன்னம் தெளிக்கலாம், வெயில் சாய்ந்த பிறகு. பூ தொடங்கினால் எதையும் தெளிக்காதீர்கள். அது பிறகு எரித்து உள்ளிழுக்கிற பொருள், அதில் உப்புப் படிவு இருக்கக் கூடாது. குதிரைவாலில் சிலிக்கா கூடத்தான், தண்டை இரண்டு விரலால் உருவிப் பாருங்கள், அரத்தாள் மாதிரி இருக்கும். ஆனால் ஊறத் தண்ணியில் எவ்வளவு இறங்கியது என்று அளக்க வழியில்லை. வேரோடு பிடுங்கி வந்து வளவில் போட்டுவிடாதீர்கள், பிடித்தால் போகவே போகாது.

கொப்புக்கட்டு (ஓஷாவா)

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப் போகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரே தாய்ச்செடியில் வெட்டிய நாலு கன்றை வைத்து, இரண்டுக்கு ஆனியிலிருந்து சிலிக்கா விட்டேன், இரண்டுக்கு விடவில்லை. விட்டவற்றின் இலை தொட்டால் தடிப்பாக இருந்தது, கொப்பை வளைக்கும்போது இறுக்கமும் தெரிந்தது. வெள்ளைப் பூஞ்சணமும் அவற்றில் பிந்தித்தான் வந்தது. ஆனால் ஐப்பசி மழையில் பூ அழுகல் நாலிலும் வந்தது, ஒரு வித்தியாசமும் இல்லை. நாலு செடியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல ஏலாது, ஆனாலும் என் கண்ணால் கண்டது அதுதான்.

அழுகலுக்கு ஈரம் நிற்கக் கூடாது. ஆவணி நடுவில் செடியின் உட்புறத்தில் வெயில் படாத சின்னக் கொப்புகளை எல்லாம் எடுத்துவிடுகிறேன், சாடிக்குச் சாடி ஒன்றரை மீற்றர் இடைவெளி, மழை என்று சொன்னால் மேலே பிளாஸ்ரிக் கூரை இழுத்துவிடுவேன், நாலு பக்கமும் திறந்தபடி. மழை நின்றதும் தண்டைப் பிடித்து மெதுவாக உலுப்பி விடுவேன். கொப்பு கிழிவதற்கு, செடி முழங்கால் உயரமாக இருக்கும்போதே தக்காளிக்கு வைக்கிற கம்பிக் கூட்டைச் சுற்றி வையுங்கள், வளர்ந்த பிறகு வைக்கப் போனால் வைக்கும்போதே முறியும். அடுத்த முறை விதை வாங்கும்போது புரட்டாதி நடுவிலேயே வெட்டக் கூடிய இனமாக, பூ இறுகிக் கட்டையாகாத இனமாகக் கேளுங்கள்.

சிலிக்காவும் விட விருப்பம் என்றால் வொலஸ்டனைற் தூளைப் பாருங்கள், கல்சியம் சிலிக்கேற், கிங்ஸ்டன் பக்கமே வெட்டி எடுக்கிறார்கள். நடும்போதே கலவையில் சேர்த்தால் மெல்ல மெல்லக் கரையும், வாளியில் மினக்கெட வேண்டாம். பீஎச்சை உயர்த்தும், அதனால் கலவையில் சுண்ணாம்பு ஏற்கனவே கிடக்கிறதா என்று பையில் பாருங்கள். கலக்கும்போது முகக்கவசம் போடுங்கள், தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது.

பின்வளவு (ஸ்காபரோ)

என்னுடைய பையில் சுண்ணாம்பு போட்டிருக்கிறது, அதனால் தூள் இந்த வருடம் போடவில்லை. இருக்கிற போத்தலை அக்கா சொன்ன வரிசையில் இரண்டு செடிக்கு மட்டும் விட்டு, நாலுக்கும் கூடு வைக்கிறேன். கூரைக்குத் தடி பார்க்க வேண்டும். ஐப்பசியில் படத்தோடு வந்து இதே இடத்தில் போடுகிறேன்.