கவுண்டி சிறை வேலை: கூலி இல்லையென்றால் மணிக்கணக்கு எதற்கு?

ஹேவர்டு_கணக்கர்:
கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சிறைகளில் கைதிகள் வேலை செய்யும் நேரத்தை எழுதிவைக்க வேண்டும் என்கிறார்கள். கலிஃபோர்னியாவின் சாண்டா ரீட்டா சிறை வழக்கு தெரிந்திருக்கும். அரமார்க் என்ற தனியார் உணவு நிறுவனத்துக்காகச் சிறைச் சமையல்கூடத்தில் வேலை செய்த கைதிகள் கூலி கேட்டார்கள். விசாரணைக் கைதிக்கும் குறைந்தபட்சக் கூலி கோர உரிமை இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் சொல்லிவிட்டது. அப்புறம் யார் எத்தனை மணி நேரம் நின்றார் என்று எழுதி என்ன பயன்? ஏற்கெனவே ஆள் போதாத காவலர்கள் தலையில் இன்னொரு பதிவேடா?

ஓக்லாந்து_தமிழினி:
கூலிக்கு மட்டும்தானா கணக்கு? கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 4019-ஆம் பிரிவைப் பாருங்கள். இரண்டு நாள் உள்ளே இருந்தால் நான்கு நாள் கழிந்ததாகக் கொள்ளலாம். ஆனால், ஷெரிஃப் (கவுண்டி சிறையை நடத்தும் அதிகாரி) கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்ய மறுத்தார் என்று பதிவேட்டில் தெரிந்தால் அந்த நாள் சலுகை போகும். ஒருவர் வீடு திரும்பும் தேதி அந்த ஒரு வரியில் இருக்கிறது. ‘வேலைக்கு வரவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால்? அன்று காய்ச்சலா, வக்கீலைப் பார்க்கப் போனாரா?

ஹேவர்டு_கணக்கர்:
அது மறுத்தவரைப் பற்றிய பதிவு. அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்த வேலைக்கு ஒரு தொகையைக் கவுண்டி தரலாம் என்று அதே சட்டத்தின் 4019.3 பிரிவு சொல்கிறது; முன்பு அது எட்டு மணி நேரத்துக்கு 2 டாலர் வரைதான். தருகிற கவுண்டி மணி எழுதட்டும், சரி. எல்லோருக்கும் எதற்கு?

ஓக்லாந்து_தமிழினி:
மறுத்தவர் பெயர் மட்டும் இருந்தால், வேலை செய்தவர் எதைக் காட்டுவார்? நான் ஒரு சிறையில் ஞாயிறுதோறும் வாசிப்பு வகுப்பு எடுத்தேன். வந்தவர்களில் ஒருவர், கேன்டீன் சீட்டின் பின்பக்கத்தில் குட்டைப் பென்சிலால் தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எல்லாம் நுணுக்கி எழுதியிருந்தார். மடித்து மடித்து அந்தச் சீட்டு கிழிந்தே போயிருந்தது. அவரிடம் இருந்த ஒரே ஆதாரம் அது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பாஸ்டன்_குமரன்:
இன்னொன்று. அமெரிக்க அரசியலமைப்பின் 1865-ஆம் ஆண்டு 13-ஆம் திருத்தம் கட்டாய வேலை வாங்க இடம் தருவது குற்றம் உறுதியானவர்களிடம் மட்டும்தான். வெர்மான்ட் சிறைச் சலவைக்கூடத்தில் மணிக்கு 25 சென்ட்டுக்குக் கட்டாயப்படுத்தினார்கள் என்று ஒரு விசாரணைக் கைதி போட்ட வழக்கை, நடத்தலாம் என்றே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் சொன்னது. யார் விசாரணைக் கைதி, அவர் சம்மதித்தாரா என்பது பதிவில் இருந்தே ஆகவேண்டும்.

ஹேவர்டு_கணக்கர்:
சம்மதக் கையெழுத்து வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். மணிக்கணக்குதான் எனக்கு ஒப்பவில்லை.

ஓக்லாந்து_தமிழினி:
கையெழுத்து வாங்கும்போதே வந்த நேரத்தையும் பக்கத்தில் குறித்துவிடலாமே?

ஹேவர்டு_கணக்கர்:
வந்த நேரம் சரி. திரும்பும் நேரத்தை யார் குறிப்பது? ஷிஃப்ட் மாறும்போது அங்கே நிற்பது ஒரே ஒரு காவலர். அதற்கு வழி சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம் வருகிறேன்.