மறு: சக்கரக் கோணலை நீக்குவதற்குத் தமிழ்ச்சொல் – ‘கோட்டம் எடுத்தல்’ என்றே வைக்கலாம்

அன்புள்ள குழுவினருக்கு,

நம் மிதிவண்டிப் பராமரிப்புக் கையேட்டின் சொற்பட்டியலில் ‘வீல் ட்ரூயிங்’ (சுழலும்போது ரிம் ஆடாதபடி சக்கரத்தின் கோணலை நீக்கும் வேலை) என்பதற்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: சக்கரச் சீரமைப்பு, சக்கர நேராக்கம், கம்பி இறுக்கல். மூன்றும் எனக்கு ஒப்புதல் இல்லை. சைக்கிள் கடைகளில் ஏற்கெனவே வழங்கும் ‘கோட்டம் எடுத்தல்’ என்பதையே கலைச்சொல்லாக ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> சக்கரச் சீரமைப்பு என்றால் யாருக்கும் எளிதில் புரியுமே.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். கார் வைத்திருப்பவர்களுக்கு ‘வீல் அலைன்மென்ட்’ நன்றாகத் தெரியும். சீரமைப்பு என்றதும் அவர்கள் மனத்தில் வருவது அதுதான். வண்டியின் உடலோடு ஒப்பிட்டுச் சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்க்கிற வேலை அது. நாம் பெயர் தேடுவதோ, வண்டியிலிருந்து கழற்றித் தனியே வைத்தாலும் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிற கோணலைப் போக்கும் வேலைக்கு. சைக்கிளிலும் பின்சக்கரத்தைச் சட்டத்தில் ஒருபக்கமாகச் சாய்த்து மாட்டிவிட்டால் ரிம் ஒரு பக்கம் உரசும். அச்சு நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை நடுவில் வைத்து முடுக்கினால் அது போய்விடும், ஸ்போக் கம்பியைத் தொடவே வேண்டாம். இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், நம் கையேட்டைப் படிப்பவர் நட்டைத் தளர்த்த வேண்டிய இடத்தில் கம்பியைத் திருகுவார்.

‘நேராக்கம்’ இன்னொரு வகையில் தவறு. வளைந்த இரும்பைத் தட்டியோ நெம்பியோ பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் அந்தச் சொல்லில் தெரிகிறது. ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) கிராங்கும் (பெடல் மாட்டிய தண்டு) வளைந்தால் கடையில் ‘பெண்டு எடுக்கிறது’ என்பார்கள், அதற்கு நேராக்கம் பொருந்தும். சில கடைகளில் இரண்டு வேலைக்கும் பெண்டு என்றே சொல்வதுண்டு என்றாலும், பட்டியலில் பிரித்து வைப்பதே நல்லது, ஏனென்றால் செய்முறை முற்றிலும் வேறு. சக்கரத்தில் நாம் ரிம்மை வளைப்பதில்லை. அதை இரு புறமும் இழுத்துக்கொண்டிருக்கும் கம்பிகளின் விசையை மாற்றுகிறோம், ரிம் தானாக இடம் மாறுகிறது.

> கம்பியைத்தானே இறுக்குகிறோம்? ‘கம்பி இறுக்கல்’ என்றே சொல்லலாமே.

மூன்றிலும் எனக்கு அதிகக் கவலை தருவது இந்தச் சொல்தான். புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் பிழையே இந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது. கம்பிகள் ஒன்றுவிட்டு ஒன்று குடத்தின் (சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்) இடது விளிம்புக்கும் வலது விளிம்புக்கும் போகின்றன. இடப்பக்கக் கம்பியை இறுக்கினால் ரிம் இடப்பக்கம் வரும், வலப்பக்கக் கம்பியை இறுக்கினால் வலப்பக்கம் போகும். ஓரிடத்தில் ரிம் இடப்பக்கம் தள்ளியிருந்தால், அங்கே வலப்பக்கக் கம்பிகளை இறுக்குவதோடு இடப்பக்கக் கம்பிகளைச் சம அளவு தளர்த்தவும் வேண்டும். இறுக்கிக்கொண்டே போனால் பக்கவாட்டில் சரியாகிவிடும், ஆனால் அந்த இடத்தில் ரிம் உள்நோக்கி இழுபட்டு வட்டம் கெடும். பிறகு அதைச் சரிசெய்ய இன்னும் இறுக்குவார்கள். கடைசியில் நிப்பிளின் (கம்பியை ரிம்மோடு பிணைக்கும் சிறு திருகுமரை) முனை மழுங்கும், அல்லது ரிம்மில் ஓட்டையைச் சுற்றி விரிசல் விழும். இறுக்கலும் தளர்த்தலும் சேர்ந்த ஒரு வேலைக்குப் பாதிப் பெயர் வைக்கக் கூடாது.

> ‘கோட்டம்’ கடைப் பேச்சு. கையேட்டில் கொச்சையைச் சேர்க்க வேண்டுமா?

கொச்சை என்று சொன்ன நண்பர் நன்னூலின் பாயிரத்தை ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். ‘மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும் நூல்’ என்கிறார் பவணந்தியார். தச்சர் மரத்தின் வளைவைக் கண்டு நீக்குவதற்கு இடும் நூல்தான் அது. கோட்டம் என்பது பட்டறைப் பொருளிலேயே, ஒரு கைவினைஞரின் கருவியோடு சேர்ந்தே, இலக்கண நூலில் இடம்பெற்றிருக்கிறது. சைக்கிள் கடைக்காரர் சுழலும் ரிம்மின் அருகே சாக்குக் கட்டியைப் பிடித்து, அது எங்கே படுகிறது என்று பார்ப்பதும் அதே வகை வேலைதான். கோடு விழுந்த இடம் கோட்டமுள்ள இடம். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய சொல்லை அதே பொருளில் காப்பாற்றி வைத்திருப்பவர் நம் ஊர்க் கடைக்காரர். அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதில் என்ன குறை?

‘எடுத்தல்’ என்ற வினையும் அப்படியே இருக்கட்டும். சுளுக்கு எடுக்கிறோம், சிக்கு எடுக்கிறோம், முள் எடுக்கிறோம். தொல்லை தருவதை நீக்குவதற்குத் தமிழில் இயல்பாக வரும் வினை அது. நன்னூலைப் பின்பற்றி ‘கோட்டம் தீர்த்தல்’ என்றும் வைக்கலாம், பிழையில்லை. ஆனால் கையேட்டைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் ‘அண்ணே, பின்வீல்ல கோட்டம் எடுக்கணும்’ என்று சொன்னால் உடனே வேலை நடக்க வேண்டும் அல்லவா?

வருவாய்க் கோட்டம், மின்வாரியக் கோட்டம், வள்ளுவர் கோட்டம் எல்லாம் இருக்கிறதே, குழப்பம் வராதா என்று கேட்டிருந்தார்கள். சக்கரத்தைப் பற்றிய பத்தியில் மின்வாரியம் யாருக்கும் நினைவுக்கு வராது. ‘ஆரம்’ கழுத்திலும் இருக்கிறது, வட்டத்திலும் இருக்கிறது, கணக்குப் புத்தகத்தில் யாரும் தடுமாறுவதில்லை.

அடிப்படைச் சொல் முடிவானால் துணைச்சொற்கள் எளிதில் வரும். ரிம் இடவலமாக ஆடுவதைப் ‘பக்கக் கோட்டம்’ எனலாம். வட்டம் கெட்டு மேலும் கீழுமாகப் போவதைக் கடையில் ‘ஜம்ப்’ என்கிறார்கள். ஓட்டுபவருக்குச் சுற்றுக்கு ஒருமுறை சீட்டில் தூக்கிப்போடும். அதற்கு ‘எகிறல்’ என்று முன்வைக்கிறேன். ரிம் மேடாக எகிறிய இடத்தில் இடம், வலம் இரண்டு கம்பிகளையும் சேர்த்து ஒரே அளவு இறுக்க வேண்டும், பள்ளமான இடத்தில் இரண்டையும் சேர்த்துத் தளர்த்த வேண்டும். மூன்றாவதாக, ரிம் ஆட்டமில்லாமல் சுழன்றாலும் அச்சின் நடுவுக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருப்பது ‘மையப் பிசகு’. பல கியர் வண்டியின் பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் வலப்புறம் இடம் பிடித்துக்கொள்வதால், வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாகவும் அதிக விறைப்பாகவும் இருக்கும். அதை அறியாமல் இருபுறமும் ஒரே விறைப்பாக்கினால் ரிம் இடப்பக்கம் தள்ளிப்போய் மையப் பிசகு வந்துவிடும். இவை மூன்றும் இல்லாத நிலைக்குச் ‘செப்பம்’ என்ற சொல்லே போதும். குறளிலும் (119) கோட்டத்துக்கு எதிரில் நிற்பது செப்பம்தான்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே பேசிவிடலாம். பட்டியலில் ஸ்போக்குக்கு ‘ஆரக்கால்’ என்று இருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு அது மிகச் சரி, அங்கே சுமையைக் கீழே நிற்கும் கால் தாங்குகிறது. 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பி அப்படிக் காலாக நிற்க முடியாது, சுமை ஏறினால் நெளிந்துவிடும். அதனால்தான் எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்துக் கட்டுகிறார்கள். ஆங்கிலேயப் பொறியாளர் ஜார்ஜ் கெய்லி 1808இல் தன் பறக்கும் பொறிக்காக இப்படி ஒரு சக்கரத்தை எண்ணினார். கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்துக் கட்டும் முறைக்கு ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இல் காப்புரிமை பெற்றார். இழுத்துப் பிடிப்பதே வேலை என்பதால் ‘ஆரக்கம்பி’ என்று மாற்றுவோம். கடையிலும் ‘போக்ஸ் கம்பி’ என்று கம்பியைச் சேர்த்தே சொல்கிறார்கள். குடம் மாட்டுவண்டியிலிருந்து வந்தாலும் பொருந்துகிறது, அப்படியே விடலாம். ரிம்முக்கு வட்டை என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் ரிம் தமிழ்ச்சொல் போலவே ஆகிவிட்டது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

விளக்கப் பகுதியில் எழுதவேண்டியவற்றில் சில. திருப்பும் திசையில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். டயர் பக்கமிருந்து நிப்பிளைப் பார்த்தால் வலஞ்சுழி இறுக்கம். குடத்தின் பக்கமிருந்து பார்த்தால் அதே திருப்பல் இடஞ்சுழியாகத் தெரியும். ஒரு முழுச் சுற்று கம்பியைச் சுமார் 0.45 மில்லிமீட்டர் இழுக்கிறது, ஆகவே கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகக் கூடாது. கம்பி நிப்பிளோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். அதனால் வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டித் திருகி, மீண்டும் சிறிது பின்வாங்க வேண்டும். முடித்தபின் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து அழுத்தினால் முறுக்கும் உள்ளே தேங்கிய இறுக்கமும் விடுபடும். அதன்பின் மறுபடி ஒருமுறை பார்த்தால் சிறிய கோட்டம் திரும்பியிருக்கும், அதையும் எடுக்க வேண்டும். கடைக்குப் போன சக்கரம் நாலு நாளில் பழையபடி ஆடுகிறது என்கிற குறை பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தை விட்டுவிடுவதால் வருவது.

எடுக்க முடியாத கோட்டமும் உண்டு. ஒரே பக்கத்துக் கம்பிகளைச் சுண்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே ஓசை வர வேண்டும். பள்ளத்தில் விழுந்து ரிம்மே மடங்கியிருந்தால், அந்த இடத்தில் சில கம்பிகள் தொளதொளவென்றும் சில மிக விறைப்பாகவும் இருக்கும். அதைக் கம்பியால் மறைத்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும், ஆனால் தொளதொளத்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து விறைத்துச் சோர்ந்து, குடத்தருகே வளையும் இடத்தில் அறுந்துபோகும். ரிம் மாற்றுவதே வழி என்று கையேட்டில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கோட்டம் எப்போது தெரியவரும் என்பது பிரேக்கைப் பொறுத்தது. பழைய ரோட்ஸ்டர் வகைச் சைக்கிள்களில், இரும்புத் தண்டுகளால் இழுக்கும் கம்பிப் பிரேக்கின் கட்டை ரிம்மின் உட்பக்கத்தை மேல்நோக்கி அழுத்துவதால் சிறிது பக்கக் கோட்டம் இருந்தாலும் வண்டி ஓடும். பக்கவாட்டில் கவ்வும் பிரேக் உள்ள வண்டியில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டமே கட்டையில் உரசத் தொடங்கும். டிஸ்க் பிரேக் வண்டியில் எதுவும் உரசாது, அதனால் கோட்டம் இருப்பதே தெரியாமல் போகிறது. அவர்களுக்காகவே, மாதம் ஒருமுறை சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கும்படி எழுதலாம்.

பதிவு இப்படி இருக்கலாம்: கோட்டம் எடுத்தல் – ஆரக்கம்பிகளின் இழுவிசையைக் கூட்டியும் குறைத்தும் ரிம்மின் பக்கக் கோட்டம், எகிறல், மையப் பிசகு ஆகியவற்றை நீக்கிச் சக்கரத்தைச் செப்பமாக்குதல்.

எகிறலுக்கு மட்டும் உங்கள் ஊர்க் கடையில் ஜம்ப் தவிர வேறு சொல் வழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.