புதுப்பிப்பு: கைப்பிரதியோடு போனேன்

சிறுவர் கதை எழுதும் நான், அரசுப் பள்ளியில் 4ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் 40 நிமிடம் என்ன பேசுவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். ‘உரை வேண்டாம், அடித்துத் திருத்திய கைப்பிரதியைக் காட்டுங்கள்’ என்றார் ஒருவர். நேற்று அப்படியே செய்தேன்.

சிவப்பு மையில் குதறிய தாளைப் பார்த்ததும், “உங்களையும் டீச்சர் திட்டுவார்களா?” என்றான் ஒரு பையன். என் ஆமைக் கதையின் முடிவை 9 முறை மாற்றியதைச் சொன்னேன். கடைசி வரிசைச் சிறுமி எழுந்து, நான்காவது முடிவுதான் நன்றாக இருக்கிறது என்றாள். சரிதான், ஆனால் புத்தகம் அச்சாகிவிட்டதே!

அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற நான்கு படிநிலை நூல்களில் பிள்ளைகள் ‘ஓடு’ வரை வந்துவிட்டார்களாம். நான் எழுதிக்கொண்டுபோன மூன்று பக்க உரை பையைவிட்டு வெளியே வரவேயில்லை. ஒலிபெருக்கி வேண்டாம் என்றதில் தலைமையாசிரியருக்குத்தான் சற்று வருத்தம்.