இரவில் காண்டம் கதீட்டர் கழன்றுவிடுகிறது

கேள்வி: முதியோர் இல்லத்தில் பக்கவாத நோயாளி, வயது 78. தினமும் இரவில் காண்டம் கதீட்டர் (சிறுநீரைக் குழாய் வழியே பைக்கு அனுப்ப ஆணுறுப்பில் மாட்டும் உறை) கழன்று படுக்கை நனைகிறது. பிளாஸ்டரை இறுக்கிச் சுற்றலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம் சிஸ்டர். பிளாஸ்டர் விரிந்து கொடுக்காது. ரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் கறுத்துவிடும். பெரும்பாலும் அளவுதான் தவறு. அளவுப் பட்டையால் பார்த்து 25, 30, 35 மி.மீ.யில் பொருந்துவதை எடுங்கள். எண்ணெய், பவுடர் இருந்தால் ஒட்டாது. முடியைக் கத்தரித்தால் போதும், சவரம் வேண்டாம். முன்தோலை முன்னுக்கு இழுத்துவிட்டு, நுனியில் 1–2 செ.மீ. இடைவெளி விடுங்கள். அதிகம் விட்டால் அங்கே முறுக்கிக்கொள்ளும். சிறுநீர் பின்னேறி உறையைத் தள்ளிவிடும். தினமும் மாற்றித் தோலைப் பாருங்கள்.

பதில் 2: குழாயைத் தொடையில் தளர்வாக ஒட்டுங்க. பை சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்கணும், தரையில் படக்கூடாது.

பதில் 3: அடிவயிறு உப்பி, சொட்டுச் சொட்டாக வருகிறதா? அப்படியானால் சிறுநீர் தேங்கி வழிகிறது. அதற்கு இந்த உறை உதவாது. உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.