கணக்கு படிச்சவங்க குவாண்டம் மெக்கானிக்ஸை எங்கேயிருந்து தொடங்கணும்?

கயல்_எம்எஸ்சி:
எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். லீனியர் அல்ஜீப்ரா, மெஷர் தியரி முடிச்சாச்சு. ஃபங்ஷனல் அனாலிசிஸ் இந்த செமஸ்டர்ல ஓடிட்டிருக்கு. இயற்பியல் பிளஸ் டூவோட நின்னுபோச்சு. குவாண்டம் மெக்கானிக்ஸைச் சொந்தமா படிக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆனா புத்தகத்தைத் திறந்தா, ஸ்கொயர் இண்டக்ரபிள் இல்லாத சார்பையே ஐகன் சார்புன்னு எழுதிட்டு, டெல்டா சார்பை வெச்சு நார்மலைஸ் பண்றாங்க. இதை அப்படியே ஏத்துக்கிட்டுப் போகலாமா? இல்ல ஸ்பெக்ட்ரல் தேற்றம் முடியற வரைக்கும் பொறுத்திருக்கணுமா?

சார்பியன்:
பொறுத்திருங்க. இட ஆபரேட்டரையும் உந்த ஆபரேட்டரையும் முன்பின் மாத்திப் பெருக்கிக் கழிச்சா ஐ எச்பார் (iħ, கலப்பெண் i-யும் பிளாங்க் மாறிலியும் சேர்ந்த எண்) வரணும், அதுதான் இந்தப் பாடத்தோட அடிப்படைச் சமன்பாடு. ரெண்டையும் சாதாரண அணிகள்னு நினைச்சு ரெண்டு பக்கமும் டிரேஸ் (மூலைவிட்ட உறுப்புகளோட கூட்டல்) எடுத்துப் பாருங்க. இடப்பக்கம் சுழி, வலப்பக்கம் சுழி இல்லை. முடிவுறு பரிமாணத்துல அப்படி ரெண்டு அணி கிடையவே கிடையாது. பரிமாணத்தை முடிவிலியாக்கினாலும் ரெண்டும் பவுண்டடா (வரம்புக்குள்ள அடங்கினதா) இருக்க முடியாதுன்னு வின்ட்னர் 1947-ல் நிறுவிட்டார். அப்போ அன்பவுண்டட் ஆபரேட்டர்தான் வழி. அதுக்கு எல்லா வெக்டர் மேலயும் வரையறை கிடைக்காது, ஹெலிங்கர்–டோப்ளிட்ஸ் தேற்றம் 1910-லேயே அதைத் தடுத்திடுது. எந்தெந்த வெக்டர் மேல செலுத்தலாம்ங்கிற டொமைனைப் பத்திப் பேசாம முதல் சமன்பாட்டுக்கே பொருள் இல்லை. அரைக்கோட்டுல உந்தத்துக்கு செல்ஃப் அட்ஜாயிண்ட் (டொமைன் உட்பட தன் அட்ஜாயிண்ட்டுக்குச் சமமான) வடிவமே இல்லை. 0-லிருந்து 1 வரையுள்ள இடைவெளியில முடிவிலி எண்ணிக்கையில இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் வேற ஸ்பெக்ட்ரம். வான் நாய்மன் 1932-லேயே இதுக்கு ஒழுங்கான அடித்தளம் போட்டுக் கொடுத்துட்டார். அதை விட்டுட்டு ஏன் மேலோட்டமா படிக்கணும்?

ஆய்வகவாசி:
சார்பியன் சொன்ன தேற்றம் எல்லாம் சரி. அதுலேருந்து "பொறுத்திருங்க"ங்கிற முடிவு எப்படி வருது? 1922-ல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களைச் சீரில்லாத காந்தப்புலத்துல அனுப்பினாங்க. கற்றை தொடர்ச்சியா பரவாம ரெண்டாப் பிரிஞ்சது. மேல்நோக்கி வந்த பாதியை மட்டும் எடுத்து, கருவியைப் பக்கவாட்டுல திருப்பி அனுப்பினா மறுபடி பாதிப் பாதி. அதுல ஒரு பாதியை எடுத்துத் திரும்ப மேல்–கீழ் அளந்தா, மேல்நோக்கினதுன்னு முன்னாடி தெரிஞ்சது அழிஞ்சுபோயிருக்கும். ஸ்பின்னுங்கிற இந்தக் குணத்தை விளக்க ரெண்டு பரிமாணக் கலப்பெண் வெளியும், பரிமாற்றத்துக்கு உட்படாத 2×2 அணிகளும் போதும். ரெண்டு துகளுக்கு டென்சர் பெருக்கம், நாலு பரிமாணம். 1964-ல் பெல் எழுதின சமனின்மையை குவாண்டம் மெக்கானிக்ஸ் மீறுறதையே அதுக்குள்ள காட்டிடலாம். கயலுக்கு இதுக்கான கணக்கு இன்னைக்கே கைவசம் இருக்கு. எதுக்கு ஒரு வருஷம் தள்ளிப்போடணும்?

சார்பியன்:
ஹைட்ரஜன் அணுவை 2×2 அணியில எழுதிக் காட்டுங்க, ஒத்துக்கறேன்.

ஆய்வகவாசி:
அதுக்கு முடிவிலிப் பரிமாணம் வேணும்தான். ஆனா வரலாற்றைப் பாருங்க. ஷ்ரோடிங்கர் 1926-ல் ஹைட்ரஜனைத் தீர்த்தார். அணுக்களோட ஹாமில்டோனியன் (மொத்த ஆற்றலுக்கான ஆபரேட்டர்) செல்ஃப் அட்ஜாயிண்ட்தான்னு கேட்டோ (Kato) என்ற கணிதவியலாளர் தந்த நிறுவல் வெளிவந்தது 1951-ல். இடைப்பட்ட இருபத்தஞ்சு வருஷத்துல வேதிப்பிணைப்புக்கு விளக்கம் வந்தது, டிரான்சிஸ்டரே வந்தது. யாரும் நிறுவலுக்காகக் காத்திருக்கலை.

சார்பியன்:
அவங்க கையில சோதனை முடிவு இருந்துச்சு, தப்பான வழியில போனா அது காட்டிக்கொடுத்திடும். வீட்டுல தனியா படிக்கிற மாணவிக்கு ஆய்வகம் கிடையாது. தான் எழுதினது சரியான்னு பார்க்க அவங்களுக்கு இருக்கிற ஒரே கருவி நிறுவல். அதையும் பிடுங்கிடாதீங்க.

மதுரை_டீச்சர்:
கணித மாணவர்களுக்கு இந்தப் பாடம் எடுத்திருக்கேன், அதனால சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் எந்தக் கணக்கு முதல்லன்னுதான் வாதாடறீங்க. என் பிள்ளைங்க கணக்குல தடுமாறினதே இல்லை. ஹாமில்டோனியனைக் கொடுத்தா ஐகன் மதிப்பைக் கண்டுபிடிச்சிடுவாங்க. "இந்த ஆபரேட்டர் ஏன்? வேற ஒண்ணு ஏன் இல்லை?"ன்னு கேட்கிற இடத்துலதான் நின்னுடுவாங்க. செவ்வியல் இயக்கவியல் படிக்காம அதுக்குப் பதில் கிடைக்காது. அதுல வர்ற பாய்சான் அடைப்பு தெரிஞ்சாத்தான், அதுக்கும் கம்யூட்டேட்டருக்கும் (சார்பியன் சொன்ன, முன்பின் மாத்திப் பெருக்கிக் கழிக்கிறது) உள்ள ஒற்றுமையை 1925-ல் டிராக் கவனிச்சதோட மதிப்பு புரியும்.

இன்னொண்ணு, எண்ணைப் போட்டுப் பார்க்கிற பழக்கம். கயல், ஹைட்ரஜனோட ஆற்றல் மட்டம் மைனஸ் 13.6 எலெக்ட்ரான் வோல்ட்டை மட்டத்தோட எண் n-ஓட வர்க்கத்தால வகுத்தது. மூணாவது மட்டத்துலேருந்து ரெண்டாவதுக்கு விழுந்தா 13.6 × (1/4 − 1/9), அதாவது சுமார் 1.89. எலெக்ட்ரான் வோல்ட்டை நானோமீட்டர் அலைநீளமா மாத்த உதவுற 1240-ஐ அதால வகுத்தா 656 நானோமீட்டர். ஹைட்ரஜன் விளக்குல தெரியற சிவப்புக் கோடு அதுதான். பாசெல் நகரத்துல கணக்கு வாத்தியாரா இருந்த பால்மர், அந்தக் கோடுகளுக்குள்ள ஒழுங்கை 1885-ல் வெறும் எண்களைப் பார்த்தே கண்டுபிடிச்சார். சார்பியன் சார், ஆய்வகம் இல்லாத மாணவியும் சரிபார்க்க முடியும்.

சார்பியன்:
அந்தக் கணக்கு நல்லா இருக்கு மேடம். ஆனா பாய்சான் அடைப்பை எல்லாப் பல்லுறுப்புக் கோவைக்கும் ஒரே விதியில கம்யூட்டேட்டரா மாத்த முடியாதுன்னு குரோனவோல்ட் 1946-ல் காட்டிட்டார். "ஏன் இந்த ஆபரேட்டர்"ங்கிறதுக்கு அங்கேயும் முழுப் பதில் இல்லை.

மதுரை_டீச்சர்:
ஆமாம், இல்லைதான். பல ஆபரேட்டர்ல எதுன்னு இயற்கையைக் கேட்டுத்தான் முடிவு பண்ணணும். அதனாலதான் இது இயற்பியல்.

கயல்_எம்எஸ்சி:
ரொம்ப நன்றி. ஸ்பின்லேருந்து தொடங்கறேன், கூடவே செவ்வியல் இயக்கவியலும். சார்பியன் சார், டொமைன் பார்க்காம போனா விடையே தப்பா வர்ற மாதிரி சின்னக் கணக்கு ஒண்ணு தர முடியுமா?

சார்பியன்:
0-லிருந்து 1 வரை பெட்டி, ஓரங்கள்ல சார்பு சுழி. ஹாமில்டோனியன் ரெண்டாம் வகைக்கெழுவோட மைனஸ்னு வெச்சுக்கங்க. சார்பு எக்ஸ் × (1 − எக்ஸ்), நார்மலைஸ் பண்ண வேண்டாம். ஹாமில்டோனியன் வர்க்கத்தோட எதிர்பார்ப்பை ரெண்டு வழியில கணக்கிடுங்க. ரெண்டு தடவை சார்பு மேலயே செலுத்துனா 0 வரும். உள்பெருக்கத்துல ஆளுக்கு ஒரு பக்கம் பிரிச்சுச் செலுத்துனா 4 வரும். எது சரி?

கயல்_எம்எஸ்சி:
ஒரு தடவை செலுத்துனதும் 2-ங்கிற மாறிலி வருது. அது ஓரத்துல சுழி ஆகலை. அப்போ ரெண்டாவது தடவை செலுத்தவே உரிமை இல்லை. 4 தான் சரி, இல்லையா சார்?

சார்பியன்:
4 தான். ஐகன் சார்புகளா விரிச்சுக் கூட்டினாலும் அதே 4 வரும், போட்டுப் பாருங்க.